கட்டுரைக்குப் பதிலாக விடுகதை எழுதிக் கொடுத்தால் அது படிப்பாகுமா?

"இங்கிலாந்தில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகள், பழைய ஆங்கிலப் பாடத்துக்கு இந்தப் பருவம் கட்டுரை எழுதப் போவதில்லையாம். சில விடுகதைகளும் துணியில் தைத்த ஒரு படமும் செய்து கொடுக்கப் போகிறாளாம். இவ்வளவு ஃபீஸ் கட்டியது இதற்குத்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏழெட்டு வருடம் முன்பு என் அப்பாவும் போனில் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டார், கொஞ்சம் கூடுதல் காரத்தோடு. அப்போது இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். பழைய ஆங்கிலப் பாடத்தில் பருவ இறுதிக்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று வழக்கமான கட்டுரை. இன்னொன்று, ஒரு பழைய பிரதிக்கு எதிர்வினையாக நாமே ஏதாவது படைத்து, அதோடு ஒரு விளக்கக் குறிப்பும் எழுதித் தருவது. கட்டுரை எழுதி எழுதி அலுத்திருந்தது. சுலபமாக முடித்துவிடலாம் என்றுதான் இரண்டாவதை எடுத்தேன். மதிப்பெண் ஆசையைத் தவிர வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது.

பழைய ஆங்கிலம் என்றதும் ஷேக்ஸ்பியரை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் ரொம்பப் பின்னால் வந்தவர். 1066-இல் நார்மண்டி வில்லியம் வந்து இங்கிலாந்தைப் பிடித்தாரே, அதற்கு முந்தைய சில நூற்றாண்டுகளின் மொழி இது. இன்றைய இங்கிலாந்துக்காரரிடம் நீட்டினால் அவரும் முழிப்பார். வேற்றுமை உருபு, வினைத்திரிபு என்று புதிதாக ஒரு மொழி கற்பது போலத்தான் கற்க வேண்டும்.

அந்த மொழியில் எஞ்சியிருக்கும் கவிதைகளில் பெரும்பகுதி நான்கே நான்கு கையெழுத்துப் புத்தகங்களில் இருக்கிறது. அதில் ஒன்று பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1072-இல் இறந்த லியோஃப்ரிக் என்ற ஆயர், எக்ஸிடர் பேராலயத்துக்குக் கொடுத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. நடுவில் யாரோ அதை வைத்துக்கொண்டு எதையோ நறுக்கியிருக்கிறார்கள், கத்தித் தடம் தெரிகிறது. பாத்திரம் வைத்த வட்டக் கறையும் உண்டு. பின்பக்கத்தில் கொள்ளிக்கட்டை மாதிரி ஏதோ பட்டு, கடைசி 14 ஏடுகளில் ஓட்டை. இந்தப் புத்தகத்தில் 90-க்கும் மேற்பட்ட விடுகதைகள் இருக்கின்றன. ஒன்றுக்குக்கூட விடை எழுதி வைக்கவில்லை. சிலவற்றுக்கு இன்றுவரை அறிஞர்களுக்குள் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

வெங்காயத்துக்கு ஒரு விடுகதை உண்டு. படிக்கப் படிக்க வேறு ஏதோ விஷயம் போலவே போகும், வகுப்பே நெளியும், கடைசியில் அப்பாவியாக 'அந்தக் கண் நனையும்' என்று முடியும். தேவாலயத்தில் காப்பாற்றி வைத்த புத்தகத்தில் இது! நம் ஊர் வெங்காய விடுகதையும் கண்ணீரில்தான் முடியும், ஆனால் நம்முடையது கொஞ்சம் சைவம்.

விடுகதைதானே, பாட்டியிடம் கேட்டு வளர்ந்த எனக்கா தெரியாது என்று இறங்கினேன். அம்மா சேலையை மடிக்க முடியாது, அப்பா காசை எண்ண முடியாது என்றால் வானமும் நட்சத்திரமும். இரண்டு வரியில் வேலை முடிந்தது. எக்ஸிடர் விடுகதைகள் பலவற்றின் போக்கு வேறு. பொருளே வாய் திறந்து தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிவிட்டு, 'என் பெயர் என்ன, சொல்' என்று கேட்கும். பதிப்புகளில் 26-ஆம் எண்ணாக வருவதைப் பாருங்கள். ஒரு பகைவன் என் உயிரைப் பறித்தான் என்று ஆரம்பம். பிறகு என்னைத் தண்ணீரில் முக்கினான், எடுத்து வெயிலில் போட்டான், என் முடியெல்லாம் போயிற்று, கத்தி என்னை அறுத்தது, விரல்கள் மடித்தன, பறவையின் இறகு என் மேல் மை சிந்தி நடந்தது. கன்றுத் தோல் புத்தகமாகிற கதை, அதிலும் வேதப் புத்தகம்.

இதைப் படித்ததும் எனக்கு ஓலைச்சுவடி ஞாபகம் வந்தது. அதுவும் வெட்டப்படுகிறது, வேகிறது, காய்கிறது, எழுத்தாணியால் கீறப்படுகிறது, கீறலில் கரி தேய்க்கிறார்கள். அப்படியே பொருத்திவிடலாம். ஒரே இரவில் இருபது அடி ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுவாரம் திரும்பி வந்தது. பேராசிரியை ஓரத்தில் எழுதியிருந்தது ஒரே வரி: "உன் ஓலைக்கு வலிக்கவே இல்லையே."

நியாயம்தான். என் பனைமரம் ஏதோ தானம் கொடுக்கிற வள்ளல் மாதிரி ஓலையைச் சிரித்துக்கொண்டே கொடுத்திருந்தது. மூலத்தில் முதல் வரியிலேயே 'பகைவன்' என்று இருப்பதைப் பத்து தடவையாவது படித்திருப்பேன், குறிப்பெடுத்தும் வைத்திருந்தேன். ஆனால் அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளவில்லை. எழுதியவர் அநேகமாக ஒரு துறவி. அவருக்கு வேதப் புத்தகம் புனிதம். அதைச் செய்தவனைப் பகைவன் என்று சொல்ல வேண்டுமென்றால், அவர் கொஞ்ச நேரம் அந்தக் கன்றுக்குட்டியாக நின்றிருக்க வேண்டும். பின்பாதியில் அதே கன்று, என்னைப் பயன்படுத்துகிறவர்களுக்கு நண்பர்கள் பெருகுவார்கள், மனம் தெளியும் என்று வாழ்த்தவும் செய்கிறது. கொன்றவன் கூட்டத்துக்கே நன்மை சொல்கிற பொருள். வேதப் புத்தகம் என்று தெரிந்தபின் அந்த வாழ்த்தைச் சும்மா கடந்துபோக முடியாது. இதையெல்லாம் கட்டுரையில் நான் கவனித்திருப்பேனா? மேற்கோள் போட்டு ஒரு பத்தியில் தாண்டிப் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது அடி ஓசையில் விழுந்தது. பழைய ஆங்கிலக் கவிதை அடி இறுதி இயைபை நம்பி நடப்பதில்லை. ஒவ்வொரு அடியும் நடுவே ஒரு நிறுத்தத்தோடு இரண்டு பாதியாக நிற்கும். பாதிக்கு இரண்டாக நான்கு அழுத்தமான அசைகள், அவற்றின் முதல் ஒலி ஒன்றி வர வேண்டும். அட, நம்ம மோனை! பள்ளியில் யாப்பு படித்த திமிரில் நான்கு இடத்திலும் ஒரே ஒலியைப் போட்டு அடி அடியாக அடைத்திருந்தேன். நம் கணக்கில் அது முற்று மோனை, சபாஷ் வாங்கும். அவர்கள் கணக்கில் பிழை. மூன்றாவது அழுத்தம்தான் அங்கே அச்சாணி. அதோடு முதலாவதோ இரண்டாவதோ, அல்லது இரண்டுமோ ஒன்றலாம். நான்காவது மட்டும் ஒன்றக் கூடாது. உயிரெழுத்தில் இன்னொரு கூத்து. நாம் அ-வுக்கு ஆ, ஐ, ஔ, இ-க்கு ஈ, எ, ஏ என்று இனம் பார்ப்போம். அவர்களுக்கு எந்த உயிரும் எந்த உயிரோடும் சேரும்.

நான்காவதை விலக்கி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும். காது தானாக அதே ஒலியைத் தேடிப் போகும், பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். மூன்று வாரம் மல்லுக்கட்டி மறுபடி எழுதினேன். அதை அப்பாவுக்காகத் தமிழில், அதே விதியில், சுருக்கிச் செய்தேன்:

பகைவன் பறித்தான் பச்சை உயிரை,
வெந்நீரில் வேகவைத்து வெயிலில் உலர்த்தினான்,
கூரிய இரும்பால் கோடு வரைந்தான்,
கரியைத் தேய்த்தான் காயம் முழுக்க,
மாண்டபின் பேசினேன், மன்னரும் கேட்டார்,
செத்தும் பயந்தேன் செல்லரிப்புக்கு மட்டும்.

பெரிய கவிதை என்று சொல்ல மாட்டேன். கடைசி அடிகூட எக்ஸிடரின் இன்னொரு விடுகதையிடம் வாங்கிய கடன். அதில் ஒரு பூச்சி, மனிதர்களின் சொற்களைத் தின்று தீர்த்த பிறகும் கொஞ்சமும் அறிவாளி ஆகவில்லை என்று வரும். போனில் வாசித்தேன். அப்பா மூன்றாவது அடியிலேயே "சுவடிதானே" என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு, "ஆமா, ஏன் பகைவன்னு சொன்னே?" என்று கேட்டார். பேராசிரியைக்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். ஃபீஸ் பற்றிய பேச்சு அன்றோடு நின்றது.

எல்லோருக்கும் இது நன்றாக அமைந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1939-இல் சஃபோக்கில் சட்டன் ஹூ என்ற இடத்தில், மண்ணுக்கடியில் பழைய ஆங்கிலக் காலத்து 27 மீட்டர் நீளக் கப்பலின் தடமும் புதையலும் கிடைத்தன. அங்கே நொறுங்கிக் கிடந்த தலைக்கவசத்தை அட்டையில் அழகாகச் செய்து வந்தான் ஒருவன். பார்த்ததும் எல்லோரும் கைதட்டினோம். விளக்கக் குறிப்பில் பசை, அட்டை, தங்க நிறப் பெயின்ட் தவிர ஒன்றுமில்லை. அருங்காட்சியகத்தில் அந்தத் துண்டுகளை ஒருமுறை ஒட்டி, தவறு என்று கண்டு, கழற்றி, 1970-71-இல் மறுபடி ஒட்டினார்கள் என்பது எவ்வளவு நல்ல விஷயம்! அதை அவன் தொடவே இல்லை. மதிப்பெண்ணும் அதற்கேற்றபடிதான்.

இன்னொருவன் 'பாழ்' என்று நாம் பெயர் வைக்கக்கூடிய கவிதையை எடுத்தான். ரோமானியர்கள் விட்டுப்போன இடிந்த கட்டடங்களைப் பார்த்து, இது அரக்கர்களின் வேலைப்பாடு என்று வியக்கிற பாட்டு. வெந்நீர்க் குளியல் இடங்கள் வருவதால் பாத் நகரமாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், எக்ஸிடர் புத்தகத்தில் தீப்பட்ட பக்கங்களில்தான் இது இருக்கிறது. பாழைப் பற்றிய பாட்டே பாழாகி, நடுநடுவே சொற்கள் இல்லாமல் நிற்கிறது. அவன் தன் ஊரில் மூடிக்கிடந்த நீச்சல்குளத்தைப் பற்றி எழுதி, அங்கங்கே அழகாக இடம் விட்டிருந்தான். "உனக்கு வசதியான இடத்தில் ஓட்டை போட்டிருக்கிறாய், தீ அப்படிப் பார்த்தா எரியும்?" என்று கேட்டார் பேராசிரியை. அடுத்த முறை முழுக் கவிதையையும் அச்செடுத்து, தாள்களை அடுக்கி, பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்துவிட்டான். அவனுக்கு ரொம்பப் பிடித்த இரண்டு அடிகள் போய்விட்டன. மிச்சத்தை வைத்து, போனதை ஊகிக்க முயன்ற ஒரு பதிப்பாசிரியரின் அடிக்குறிப்புகளையும் அவனே எழுதினான். எங்கள் வகுப்பிலேயே சிறந்தது அதுதான்.

வகுப்பில் வாய்விட்டு வாசிக்கும் முறை வரும்போது ஒரு பையன் மட்டும் தவறாமல் கழிப்பறைக்குப் போய்விடுவான். பேராசிரியை "கேட்மன் கிளம்பிவிட்டார்" என்பார். கேட்மன், பெயர் தெரிந்த ஆங்கிலக் கவிஞர்களில் மிகப் பழையவர், விட்பி மடத்தில் மாடு பார்த்தவர். விருந்தில் ஒவ்வொருவராகப் பாட யாழ் கைமாறி வருமாம், அது தன் பக்கம் வருவதைப் பார்த்தாலே எழுந்து ஓடிவிடுவாராம். ஒருநாள் அப்படி ஓடிப்போய்த் தொழுவத்தில் தூங்கியபோது கனவில் பாட்டு வந்தது என்று பீட் என்ற துறவி தன் திருச்சபை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நூல் 731-இல் முடிந்தது. பீட் பாட்டின் பொருளை மட்டும் லத்தீனில் கொடுத்துவிட்டு, கவிதையைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் அழகு போய்விடும் என்றும் சொல்லியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர்களின் புலம்பலுக்கு நல்ல வயது ஆகிறது.

சரி, உங்கள் மகளின் தையலுக்கு வருவோம். பேயூ திரைச்சீலையிலிருந்து ஒரு காட்சியாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். கிட்டத்தட்ட 70 மீட்டர் நீள லினன் துணியில் 1066 போரைக் கம்பளி நூலால் தைத்தது. என் வகுப்புத் தோழி ஒருத்தி அதில் வில்லியத்திடம் தோற்ற இங்கிலாந்து மன்னன் ஹரால்ட் சாகிற இடத்தை ஒரு முழம் நீளத்துக்குத் தைத்தாள். நூலைப் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்து, குறுக்கே இன்னொரு நூலால் அங்கங்கே பிடித்துக் கட்டுகிற தையல். இதில் நூல் பெரும்பாலும் முன்பக்கமே இருக்கும், பின்பக்கம் வீணாகாது. குதிரையின் அந்தப் பக்கக் கால்களை வேறு நிறத்தில் தைத்திருப்பது பிழை இல்லை, தூரம் காட்டும் வழி என்று அவளுக்குத் தைக்கும்போதுதான் புரிந்ததாம். நீலச் சாயம் வோட் என்ற செடியின் இலையிலிருந்து வந்தது. நம் அவுரியில் இருக்கும் அதே நிறப்பொருள்தான் அதிலும்.

கண்ணில் பாய்ந்த அம்பு வந்ததும் நின்றுவிட்டாள். 1729-இல் வரைந்த ஒரு நகலில் அது இறகு வைத்த அம்பாக இல்லை. பிறகு பழுதுபார்த்தவர்கள் அம்பாக்கிவிட்டார்களோ என்ற சந்தேகம் உண்டு. எதைத் தைப்பது? ஒரு வாரம் ஊசியைத் தொடாமல் நூலகத்தில் கிடந்தாள். கடைசியில் அந்த இடத்தில் நூலே போடாமல் ஊசித் துளைகளை மட்டும் விட்டாள். அவளுக்குத் துணையாக இன்னொரு பழைய உதாரணமும் கிடைத்தது. 1885-86-இல் லீக் என்ற ஊர்ப் பெண்கள் எலிசபெத் வார்டில் தலைமையில் இதை முழு நீளத்துக்கும் படியெடுத்தார்கள். இப்போது ரெடிங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூலத்தில் அம்மணமாக நிற்கிற ஆளுக்கு அதில் அரைக்கால் துணி உண்டு. விக்டோரியா காலத்து மானம் அது.

ஆகவே மகள் என்ன செய்கிறாள் என்பதைவிட விளக்கக் குறிப்பில் என்ன எழுதுகிறாள் என்று கேளுங்கள். போனில் வாசிக்கச் சொல்லுங்கள். மூலத்தில் எந்தச் சொல் தன்னை மடக்கியது, எதைச் செய்துவிட்டுப் பிறகு பிரித்தாள் என்று அவளால் சொல்ல முடிந்தால் நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. பசையும் அட்டையும் மட்டும் வந்தால், அப்போது திட்டலாம்.

அப்புறம், தைப்பதாக இருந்தால் ஊசி குத்தாமல் விரலில் மாட்டிக்கொள்ளும் சின்ன உலோகத் தொப்பி ஒன்று தபாலில் அனுப்பி வையுங்கள். என் தோழி மூன்றாம் நாளே விரல் நுனியில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டுதான் வகுப்புக்கு வந்தாள்.