சூடே இல்லாமல் பால் பவுடரில் உள்ள கிருமி சாகுமா?

கேள்வி: என் மகன் குறைமாதத்தில் பிறந்தவன், இப்போது ஆறு வாரம் ஆகிறது. தாய்ப்பால் போதாததால் பால் பவுடரும் கொடுக்கிறேன். வெந்நீரில் கலந்தால் சத்து போய்விடும் என்கிறார் என் அக்கா. சூடில்லாமலே கிருமியைக் கொல்லும் முறை வந்துவிட்டதாகப் படித்தேன். பாட்டிலுக்கு வாங்கிய புற ஊதாக் கதிர்ப் பெட்டியில் கலந்த பாலை வைத்தால் போதுமா?

பதில்: வேண்டாம் அம்மா. பால் வழியாக அந்தக் கதிர் ஊடுருவாது. காலி பாட்டிலுக்குத்தான் அந்தப் பெட்டி.

நீங்கள் படித்த முறை உண்மைதான். பொட்டலத்தில் அடைத்த பழக்கூழைத் தண்ணீர் நிரம்பிய இரும்புக் கலத்தில் வைத்து, காற்றழுத்தத்தைப் போல சுமார் 6,000 மடங்கு அழுத்தம் கொடுப்பார்கள். ஆழ்கடலின் அடிமட்டத்தில்கூட அவ்வளவு அழுத்தம் கிடையாது. கிருமியின் மேலுறை சிதைந்துவிடும், வைட்டமின்கள் பெரும்பாலும் தப்பிவிடும். 1899-லேயே அமெரிக்காவில் பாலை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் இது தொழிற்சாலை வேலை. அதுவும் ஈரமான உணவில்தான் நன்றாகப் பலிக்கும். உலர்ந்த பவுடரில் இருக்கும் கிருமி அழுத்தத்துக்கு அவ்வளவாக மசியாது.

பால் பவுடர் கிருமி முற்றிலும் நீக்கப்பட்ட பொருள் அல்ல. குரோனோபேக்டர் என்ற கிருமி அதில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இந்தத் தொற்று அரிதுதான். ஆனால் இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் வந்தால் மூளைக்காய்ச்சல் வரை போய்விடும். உங்கள் மகன் இரண்டிலுமே வருகிறான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஃபிரிட்ஜில் வைத்தாலும் கிருமி சாகாது, பெருகுவது குறையும், அவ்வளவுதான்.

தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே பவுடரைக் கலக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. டப்பாவில் 'வெதுவெதுப்பான நீர்' என்று போட்டிருந்தாலும் உங்கள் மகனுக்கு இதையே செய்யுங்கள். வெப்பமானி இல்லையா? சரி, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி, அரைமணிக்குள் எடுத்துக் கலக்குங்கள். அப்புறம் பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆறவிட்டு, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கலந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டால் மீதியைக் கொட்டிவிடுங்கள். அக்கா பயப்படுவதுபோல வைட்டமின் சி கொஞ்சம் குறையலாம். அதற்காக இந்த வயதில் வெந்நீரை விட்டுவிட முடியாது.

குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, வலிப்பு வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.