பதில்: டிடி இமேஜின் ஹாஷ் ஏன் ஒத்துப்போகவில்லை?

500 ஜிபி டிஸ்க்கை டிடியில் (டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் லினக்ஸ் கட்டளை) பிஎஸ்=4எம் (ஒரு துண்டின் அளவு), கான்வ்=நோஎரர்,சிங்க் (பிழை வந்தாலும் நிற்காதே, குறைந்த துண்டை நிரப்பு) போட்டு இமேஜ் எடுத்தேன், டிஸ்க்கின் ஷா256 ஹாஷும் (தரவின் கைரேகை போன்ற எண்) இமேஜின் ஹாஷும் பொருந்தவில்லை என்கிறீர்கள். டிஸ்க் கெட்டுவிட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். சந்தேகம் அந்த 'சிங்க்' மேல்தான்.

500107862016 பைட் டிஸ்க் என்றால், 4 எம்ஐபி (4194304 பைட்) துண்டுகளாக 119235 போக 24576 பைட் மிச்சம். சிங்க் அந்தக் கடைசித் துண்டையும் பூஜ்யங்களால் 4 எம்ஐபிக்கு நிரப்பிவிடும். டிடி முடிந்தபோது 119235+1 உள்ளே, 119236+0 வெளியே (முழுத் துண்டுகள் + குறைத் துண்டுகள்) என்று காட்டியிருந்தால் இதேதான். இமேஜ் 4169728 பைட் பெருத்திருக்கும்.

இமேஜைத் தொடாமலே, டிஸ்க்கின் அளவு வரை மட்டும் ஹாஷ் எடுத்துச் சரிபார்க்கலாம்:

ஹெட் -சி 500107862016 இமேஜ்.டிடி | ஷா256சம்

(உங்கள் டிஸ்க்கின் அளவை பிளாக்டெவ் --கெட்சைஸ்64 சொல்லும்.)

இதுவும் பொருந்தாவிட்டால் டிமெசேஜில் (கெர்னல் செய்திப் பதிவு) ஐ/ஓ பிழை, அதாவது டிஸ்க்கைப் படிக்க முடியாத பிழை, இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிடியை விட்டுவிடுங்கள். ஒரு கெட்ட செக்டாருக்காக 4 எம்ஐபி வரை பறிபோகலாம். கெட்ட டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் கருவியான ஜிஎன்யு டிடிரெஸ்க்யூதான் சரி: முதலில் -டி -என் (நேரடி வாசிப்பு, கடினமான பகுதிகளைச் சுரண்டாமல்), பிறகு அதே மேப்ஃபைலோடு (எது படித்தாயிற்று, எது இல்லை என்று குறிக்கும் கோப்பு) -டி -ஆர்3 (மூன்று முறை மறுமுயற்சி). மேப்ஃபைலையும் வழக்குக் கோப்பில் சேருங்கள். கெட்ட டிஸ்க்கின் ஹாஷ் ஒவ்வொரு வாசிப்பிலும் மாறலாம்; அப்போது இமேஜின் ஹாஷையே பதிவு செய்யுங்கள்.

ரைட் பிளாக்கர் (டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) மாட்டித்தானே எடுத்தீர்கள்?