வயலினை எடுத்தாலே அழும் மகள்: என்ன செய்யலாம்?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. மூன்று மாதமாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். வகுப்பில் சரியாக இருக்கிறாள், வீட்டில் வாசிக்கச் சொன்னால் அழுகிறாள். எனக்கும் கணவருக்கும் சங்கீதம் தெரியாது. நாங்கள் எப்படி உதவுவது?

பதில்: வகுப்பில் அழாத குழந்தை வீட்டில் மட்டும் அழுகிறாள் என்றால், முதலில் வயலினைப் பாருங்கள். வகுப்பில் டீச்சர் சுருதி சேர்த்துக் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வருவதற்குள் பிருடை (தந்தியை முறுக்கும் கட்டை) நழுவித் தந்திகள் இறங்கியிருக்கும். அப்புறம் அவள் எவ்வளவு சரியாக விரல் வைத்தாலும் அபஸ்வரம்தான் வரும். அது அவளுக்குக் கேட்கிறது, ஏன் என்றுதான் சொல்லத் தெரியவில்லை. அதனால் ஸ ப ஸ ப என்ற ஸ்வரங்களுக்கு நான்கு தந்திகளையும் சேர்க்க டீச்சரிடம் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். தந்திகளின் அடிமுனையில் சின்னத் திருகுகள் பொருத்தச் சொன்னால் வேலை இன்னும் சுலபம். இதற்குச் சங்கீத ஞானம் வேண்டாம், கொஞ்சம் பொறுமை போதும்.

அளவையும் பாருங்கள். ஆறு வயதுக்குப் பெரும்பாலும் கால் அளவு வயலின் பொருந்தும், சிறிய உடல்வாகு என்றால் அரைக்கால் (1/8) அளவு. "வளர்ந்தாலும் உதவும்" என்று பெரியதாக வாங்கியிருந்தால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். உட்கார்ந்து, வயலின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிக்கும்போது இடது தோள் தூக்கியபடி இருந்தால் அது பெரிய வயலின். வில்லில் ரோசின் என்ற பிசின் தடவியிருக்கிறதா என்றும் பாருங்கள். தடவாத வில் தந்தியில் வழுக்கும், ஒலியே வராது.

அடுத்தது பாட்டு. வீணையில் 24 மெட்டுகள் (தந்திகளுக்கு அடியில் குறுக்கே இருக்கும் கம்பிகள்) விரலுக்கு இடம் காட்டும். வயலினில் அப்படி எதுவும் கிடையாது, காதுதான் விரலை நடத்த வேண்டும். ஆரம்பப் பாடங்களுக்கான மாயாமாளவகௌளை ராகத்தில் ரிஷபம் (ரி) எங்கே நிற்கிறது என்று தொண்டைக்குத் தெரியாமல் விரலுக்குத் தெரியாது. அதனால் சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, சரளி வரிசையை (ஆரம்ப ஸ்வரப் பயிற்சியை) முதலில் பாடச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஆதி தாளம் போடுங்கள். எட்டு எண்ணிக்கைதானே, ஒரு வாரத்தில் வந்துவிடும். பாடிய வரியை மட்டும் அவள் வாசிக்கட்டும், முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில். இரண்டாம், மூன்றாம் காலத்துக்கு அவசரமே இல்லை.

ஒரே மூச்சில் அரை மணி நேரம் வேண்டாம். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வாசிக்கும்போது தப்பு என்று சொல்லாதீர்கள். திருத்துவது டீச்சர் வேலை. விருந்தினர் வந்தால் "வாசித்துக் காட்டு" என்பதையும் இந்த வருடம் விட்டுவிடுங்கள், அவளாக எடுத்தால் ஒழிய.

இதெல்லாம் செய்தும் ஒரு மாதத்தில் அழுகை குறையவில்லையா? டீச்சரிடம் பேசி, சில மாதம் வாய்ப்பாட்டு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாடம் வீணாகாது. மறுபடி வில்லைப் பிடிக்கும்போது அத்தனையும் கைக்கு வரும்.