ஃபீல்டு வாட்சும் உப்புக்காற்றும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டம் வைத்திருக்கிறேன். விடியுமுன் பால்வெட்டு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு முட்டம் கடற்கரை. ராணுவ வாட்ச் மாதிரியான, 38 மி.மீ. கறுப்பு டயல், தினமும் சாவி கொடுக்கிற வாட்ச் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். ஆடி மழையில் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. தோல் பட்டையில் பூசணம். விடியற்காலை நாலு மணிக்கு முள் தெரிவதில்லை. இப்போது நாளைக்கு நாலைந்து நிமிடம் வேகமாகவும் ஓடுகிறது. விற்றுவிட்டு பேட்டரி வாட்ச் வாங்கிவிடலாமா? பட்டாளத்தில் இருந்த மாமாவின் எச்.எம்.டி. ஜவான் ஒன்றும் வீட்டில் கிடக்கிறது. டயல் மங்கிவிட்டது, புதுசாக பெயின்ட் அடிக்கலாமா?

– குலசேகரம் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விற்க வேண்டாம். ஆனால் தோட்டத்துக்கும் கடலுக்கும் அதைக் கட்டிக்கொண்டு போவதை நிறுத்துங்கள்.

ஃபீல்டு வாட்ச் எனப்படும் இந்த ராணுவ வகை வாட்சின் அழகு முழுக்க டயலில்தான் இருக்கிறது. பளபளப்பில்லாத கறுப்பு, ஒன்று முதல் பன்னிரண்டு வரை முழு வெள்ளை எண்கள், ஓரத்தில் நிமிடக் கோடுகள், நடுவில் விநாடி முள். இரண்டாம் உலகப்போரில் எல்ஜின், வால்தம், புலோவா நிறுவனங்கள் அமெரிக்கப் படைக்குச் செய்த ஏ-11 வாட்சிலேயே இது ஏறக்குறைய முழுசாக வந்துவிட்டது. அதன் கேஸ் (உலோகக் கூடு) 32 மி.மீ. அளவுதான். பக்கவாட்டில் இருக்கும் சாவித் திருகை வெளியே இழுத்தால் விநாடி முள் நின்றுவிடும். ஒரு குழுவில் எல்லோரும் ஒரே விநாடிக்கு நேரம் சேர்த்துக்கொள்ள அந்த ஏற்பாடு. ஒரு பார்வையில் நேரம் தெரிய வேண்டும் என்கிற விஷயத்தில் இதைவிடச் சிறந்த டயலை இன்றுவரை யாரும் வரையவில்லை என்பதே என் எண்ணம். உள்வட்டத்தில் 13 முதல் 24 வரை எண் போடும் வழக்கம் மட்டும் எனக்கு உவப்பில்லை. நமக்கு அது இட நெருக்கடி.

அடுத்ததைக் கவனியுங்கள். 1964-இல் அமெரிக்க ராணுவம் எம்.ஐ.எல்-டபிள்யூ-46374 என்ற விதிமுறையைக் கொண்டுவந்தபோது கேட்டது மலிவான வாட்ச். பழுதானால் ரிப்பேர் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று கொடுப்பதுதான் திட்டம். அந்த உருவத்தை இன்று நாம் பெரிய விலை கொடுத்து வாங்கி, பேரன் காலம்வரை ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். குறைகள் பலவும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

முதல் குறை தண்ணீர். தினமும் சாவி கொடுக்கும் வாட்சில், சாவித் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் தினமும் உரசப்படுகிறது. கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேடிக்கிலும் பேட்டரியிலும் சாவியைத் தொடுவதே அபூர்வம். திருகி மூடும் சாவி வைத்தால் தினமும் திருகித் திருகி மரை தேயும் என்பதால், இந்த வகையில் பெரும்பாலும் அழுத்தி மூடும் சாதாரண சாவிதான். பெயர்பெற்ற ஹாமில்டன் காக்கி ஃபீல்டு மெக்கானிக்கலும் அப்படித்தான். ஒருமுறை முழுசாகச் சாவி கொடுத்தால் 80 மணி நேரம் ஓடும், சஃபயர் கண்ணாடி உண்டு. ஆனால் நீர்காப்பு 50 மீட்டர்தான். 50 மீட்டர் என்பது புது வளையத்தோடு, ஆடாத நீரில் பார்க்கும் அழுத்தக் கணக்கு. கை கழுவலாம், மழையில் நனையலாம். அலையில் இறங்குவதற்கு அதை நம்பக்கூடாது. வெயிலில் சூடான வாட்ச் திடீரென்று மழையில் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, தளர்ந்த வளையம் வழியாக ஈரத்தை உள்ளே இழுக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில் அதற்கு வாய்ப்பு அதிகம்.

ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். டிபன் டப்பாவில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி மூடி, மூடியின்மேல் துணி விரித்து, வாட்சைப் படுக்க வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு கண்ணாடியின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் உட்பக்கம் ஆவி படிந்திருந்தால் மெஷினைத் திறந்து சுத்தம் செய்து, பின்மூடி வளையத்தையும் சாவி வளையத்தையும் மாற்றியாக வேண்டும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பதால் பயனில்லை. கடல்நீர் புகுந்திருந்தால் ஈரம் காய்ந்த பிறகும் உப்பு உள்ளேயே நிற்கும். பெரும்பாலும் முதலில் துருப்பிடிப்பது சாவித் தண்டுதான். அன்றன்றைக்கே திறக்க வேண்டும்.

நாலைந்து நிமிடம் வேகம் என்பது பெரும்பாலும் காந்தம் ஏறியதன் அடையாளம். ஓட்டத்தைச் சீராக வைக்கும் மெல்லிய சுருள்கம்பியான ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் அதன் நீளம் குறைந்த மாதிரி ஆகிறது, ஓட்டம் கூடுகிறது. போன் உறையின் காந்தம், ஸ்பீக்கர், கைப்பையின் காந்தப் பூட்டு எல்லாமே காரணமாகலாம். மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் காந்தப் பிரிப்பான்களுக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்கள் இந்த வாட்சைக் கட்டவே கூடாது. காந்தம் எடுக்கும் சிறிய மின்கருவி வாட்ச் கடைகளில் உண்டு. பட்டனை அழுத்தியபடியே வாட்சை மெதுவாக ஒரு முழம் தூரம் விலக்கி, அதன் பிறகே பட்டனை விட வேண்டும். பக்கத்தில் வைத்தே விட்டால் காந்தம் திரும்ப ஏறிவிடும். எடுத்த பிறகும் வேகம் குறையவில்லை என்றால் ஈரமோ எண்ணெயோ ஹேர்ஸ்பிரிங்கைத் தொட்டிருக்கலாம்.

இருட்டில் தெரியாததற்கு உங்கள் வாட்சைக் குறை சொல்ல முடியாது. இன்றைய ஒளிரும் பூச்சு வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தருவது. முதல் ஒரு மணி நேரம் பிரகாசம், பிறகு மங்கல். ஃபீல்டு டயலில் பூச்சுக்குக் கிடைக்கும் இடமும் மெல்லிய முள்ளும் குட்டி முக்கோணங்களும்தான். இரவு முழுக்க ஒரே சீராக ஒளிர வேண்டுமானால் மாரத்தான் நிறுவனத்தாரின் வாட்சுகளில் உள்ளதுபோல் வெளிச்சம் வாங்காமலே தானாக ஒளிரும் டிரிட்டியம் வாயுக்குழாய் வேண்டும். அதுவும் பன்னிரண்டு வருடத்தில் பாதி வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

தோல் பட்டையைக் கழற்றிவிடுங்கள். வியர்வையும் ரப்பர் ஷீட் அடிக்கும் ஆசிடும் அதைத் தின்றுவிடும். பட்டை மாட்டும் லக்குகளுக்கு (கொம்புகளுக்கு) இடைப்பட்ட அகலத்தை அளந்துவிட்டு (38 மி.மீ. வாட்சுக்குப் பெரும்பாலும் 20 மி.மீ.) ஒரே துண்டாக உள்ள நைலான் பட்டை போடுங்கள். பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறை 1973-இல் வகுத்த முறை அது. பட்டையைப் பிடித்திருக்கும் ஒரு ஸ்பிரிங் பின் போனாலும் இன்னொன்றில் வாட்ச் தொங்கி நிற்கும். வாரம் ஒருமுறை சோப்புப் போட்டு அலசுங்கள், வருடம் ஒருமுறை பின்களை மாற்றுங்கள்.

கடற்கரை மணல் பற்றியும் ஒன்று. நம் கறுப்பு மணலில் கார்னெட்டும் சிர்க்கானும் கலந்திருக்கின்றன. சாதாரண மினரல் கண்ணாடியை அவை கீறிவிடும், சஃபயரைக் கீறாது. ஆனால் கேஸ் எஃகுதான். மணலை வீசி மங்கலாக்கிய அதன் பரப்பில் விழும் கீறல் வெள்ளிக்கோடாகத் தெரியும். அதைக் கடையில் பாலிஷ் போடச் சொன்னால் அந்த இடம் மட்டும் பளபளத்து இன்னும் அசிங்கமாகிவிடும். அப்படியே விட்டுவிடுங்கள்.

தோட்டத்துக்கும் கடலுக்கும் தனியாக ஒரு பேட்டரி வாட்ச் வாங்குங்கள்: 100 மீட்டர், தெளிவான எண்கள், பட்டனை அழுத்தினால் எரியும் விளக்கு. இயந்திர வாட்ச் நாளைக்குப் பத்துப் பதினைந்து விநாடி முன்பின் ஓடுவது சகஜம். பேட்டரி வாட்ச் மாதத்துக்கே அவ்வளவுதான் பிசகும். சாவி கொடுக்கும் வாட்ச் மற்ற நாட்களுக்கு. காலையில் கையிலிருந்து கழற்றி, இறுகும்வரை சாவி கொடுங்கள். கட்டியபடியே திருகினால் தண்டு பக்கவாட்டில் வளையும்.

மாமாவின் ஜவானுக்கு பெயின்ட் அடிக்க வேண்டவே வேண்டாம். எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட 2016-இல் அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது, அசல் டயல் இனி வராது. ஆன்லைனில் பளிச்சென்று விற்கும் பழைய எச்.எம்.டி.க்கள் பலவும் மறுபடி பெயின்ட் அடித்தவை. எழுத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மை கசிந்திருப்பது தெரியும். மங்கிய அசல் டயலுக்குத்தான் மதிப்பு. உள்ளே எண்ணெய் காய்ந்து கட்டியாகியிருக்கும், அதனால் சர்வீஸ் பார்க்காமல் ஓட்டிப் பார்க்காதீர்கள். பிரித்துக் கழுவி, எண்ணெய் போட்டு, சாவி கொடுக்கும்போது முறுகும் மெயின்ஸ்பிரிங் தேய்ந்திருந்தால் மாற்றினால் போதும். கடையில் கொடுக்கும்போது ‘டயலையும் முட்களையும் தொடக்கூடாது’ என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.