60 பேர் வேலை செய்யும் பட்டறைக்கு ஒரு முதலுதவிப் பெட்டி போதுமா?

பவர் பிரஸ் (உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) பட்டறை, 60 பேர், நைட் ஷிப்ட் உண்டு, முதலாளி ஒரு முதலுதவிப் பெட்டி வாங்கி மாட்டியிருக்கிறார், இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஒரு பெட்டி போதும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆவது பிரிவே 150 தொழிலாளர்களுக்குக் குறைந்தது ஒரு பெட்டி என்றுதான் வைத்தது. ஆனால் அதே பிரிவில், முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும், வேலை நேரம் முழுக்க அவர் கூப்பிட்டவுடன் வரும்படி இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். உங்கள் பட்டறையில் இரவு 2 மணிக்கு அந்த ஆள் யார், பெட்டிச் சாவி யாரிடம்? முதலில் இதை முடிவு செய்யுங்கள், பஞ்சும் பேண்டேஜும் அப்புறம்.

நான் கோவையில் பிரஸ், லேத் பட்டறைகளில் வேலை பார்ப்பவன். எங்களுக்கு எப்போதும் விரல் பயம்தான். விரல் துண்டாகிவிட்டால் பதற்றத்தில் அதை நேராக ஐஸில் போட்டுவிடுவார்கள், அது தசையைக் கெடுத்துவிடும். சுத்தமான துணியை லேசாக நனைத்து விரலைச் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தண்ணீர் புகாமல் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். காயத்தில் காபித்தூள், மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம், சுத்தத் துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்துக் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். விரலை ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சை எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. உங்கள் பக்கத்தில் எங்கே, எந்த நேரத்திலும் செய்கிறார்கள் என்று இன்றைக்கே போன் போட்டுக் கேட்டு மெஷின் பக்கத்துச் சுவரில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

கரண்ட் அடித்தால் மெயினை அணைக்காமல் அந்த ஆளைத் தொடவே கூடாது, ஆகவே மெயின் ஸ்விட்ச் எங்கே என்பது நேற்று சேர்ந்த பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அணைத்த பிறகும் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால், ஒருவர் 108-ஐக் கூப்பிடும்போதே இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. இறங்கும்படி அழுத்த ஆரம்பித்துவிட வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றுவது, உட்கார வைப்பது எதுவும் வேண்டாம். 108 வண்டி சந்துக்குள் பட்டறையைத் தேடி அலையாமல் இருக்க, ஒரு ஆளை மெயின் ரோட்டுக்கு அனுப்பி நிறுத்துங்கள். இது சின்ன வேலை மாதிரித் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் எல்லோரும் அடிபட்டவரைச் சுற்றித்தான் நிற்பார்கள்.

பயிற்சியைச் செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் தருகிறார்கள். ஷிப்டுக்கு இரண்டு பேரை அனுப்பச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள், ஒருவர் லீவு போட்டாலும் இன்னொருவர் இருப்பார். நைட்டில் ஒடிசா, பீகார் தம்பிகள் அதிகம் என்றால் அந்த இரண்டு பேரில் ஒருவர் அவர்களில் ஒருவராக இருக்கட்டும், சுவரில் எழுதுவதை இந்தியிலும் எழுதுங்கள்.