கோடு ஆறிடும்

அன்புள்ள ஐயா,
உங்கள் கதையில் தியேட்டர் டிக்கெட் கவுண்டர் கண்ணாடி, காசு நீட்ட வெட்டிய சதுர ஓட்டையின் மூலையிலிருந்து விரிசல் விடுகிறது. நான் பொறியியல் மாணவி. ஆங்கிலப் பொறியாளர் கிரிஃபித்தின் ஆற்றல் கணக்கு (விடுபடும் ஆற்றல், விரிசல் உண்டாக்கும் புதுப் பரப்புக்கு ஆகும் செலவை ஈடுகட்டினால் விரிசல் வளரும் என்பது), முன்பே இருக்கும் விரிசல் வளர்வதற்குத்தானே? வெறும் மூலையில் எப்படித் தொடங்கும்? தகைவா (பொருளுக்குள் பரப்பளவுக்கு இவ்வளவு என்று விழும் விசை), ஆற்றலா, எது சரி? இதற்கெல்லாம் தமிழில் சொல் உண்டா?
வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள மகளுக்கு,

சொல் உண்டா என்கிறாய். 'தகைவு' என்று நீயே எழுதிவிட்டாய், பிறகென்ன!

எனக்கு எரிச்சல் மூட்டியது அந்த 'எது சரி'. பரீட்சைத்தாள் புத்தி. தகைவை மட்டும் நம்பினால், கூரான உள்மூலையில் அது கணக்குப்படி எல்லையில்லாமல் ஏறும். விரல் பட்டாலே கண்ணாடி உடைய வேண்டும். ஆற்றலை மட்டும் நம்பினாலோ, விரிசல் சிறுக்கச் சிறுக்க அது விடுவிக்கும் ஆற்றல், புதுப் பரப்புக்கு ஆகும் செலவுக்குக்கூடக் காணாது. எவ்வளவு அழுத்தினாலும் உடையக்கூடாது.

2002-ல் லெகியோன் என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். விரிசல் அங்கே ஊர்ந்து வருவதில்லை, ஒரே தாவலில் பிறக்கிறது. தாவும் நீளம் முழுக்கத் தகைவு கண்ணாடியின் வலிமையைத் தாண்டியிருக்க வேண்டும். அந்தத் தாவலில் விடுபடும் ஆற்றல் செலவையும் ஈடுகட்ட வேண்டும். எவ்வளவு சுமை, எவ்வளவு நீளம் இரண்டும் சேர்ந்தேதான் கிடைக்கும். கிரிஃபித்தைக் குறை சொல்லாதே. கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கவே செய்யும் என்றுதான் 1921-லேயே அவர் எழுதினார்.

எங்கள் தோட்டத்து டவுனில் மாமா சாமி படங்களுக்குச் சட்டம் போடுவார். சம்பளம் போட்ட மறுநாள் பால்மரம் (ரப்பர்) வெட்டுகிறவர்கள் முருகன் படத்தைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். கண்ணாடியில் வாய் வெட்டச் சொன்னால் மூலையை வளைத்துத்தான் வெட்டுவார். சதுரமாக வேண்டுமென்றால், "வேற கடைக்குப் போய்யா." மண்ணெண்ணெயில் நனைத்த சக்கரத்தால் கோடு இழுத்து, மேசை விளிம்பில் வைத்து உடனே அழுத்துவார். டக்! வெறும் கோட்டுக்குக் கண்ணாடி அசையாது. கோடில்லாத அழுத்தலுக்கு இஷ்டத்துக்குப் பிளக்கும். இரண்டும் வேண்டும் என்று அவருக்கு எந்தப் பிரெஞ்சுக்காரரும் சொல்லவில்லை.

"கோடு போட்டா நிக்காதடா, ஆறிடும்" என்பார். ஒருநாள் நான் கோட்டைப் போட்டுவிட்டு தே தாரிக் (இழுத்து ஆற்றிய டீ) வாங்கப் போனேன். திரும்பி வந்து அழுத்தினால், விரிசல் கோட்டை விட்டு விலகிக் குறுக்கே ஓடியது. மாமா திட்டவில்லை. நல்ல துண்டை மட்டும் அளந்து எடுத்து, யாரோ ஐசிக்கு (அடையாள அட்டைக்கு) எடுத்த படத்துக்குச் சட்டம் போட்டுவிட்டார்.