மூன்று கம்பிக்கு மட்டும் கேப்போ: கிதார் கேள்வி பதில்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு விடுதியில் சாயங்கால நேரம் கிதார் வாசிக்கிறேன். இரண்டு பாட்டுக்கு மட்டும், வழக்கமான ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ-க்குப் பதில், டி-ஏ-டி-ஜி-ஏ-டி ட்யூனிங் (6வது கம்பியிலிருந்து 1 வரை) தேவை. நடுவில் சாவியைத் திருகிக்கொண்டிருந்தால் ஆட்கள் எழுந்து போய்விடுகிறார்கள். பார்ஷியல் கேப்போ (சில கம்பிகளை மட்டும் அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டால் அதே சத்தம் கிடைக்குமா?
வாசகர், ஏற்காடு

பதில்: கம்பிகளைச் சும்மா மீட்டினால் கிடைக்கும், விரல் வைத்தால் கிடைக்காது. அந்த ட்யூனிங்கில் 6, 2, 1 ஆகிய மூன்று கம்பிகளைத்தான் ஒரு முழு ஸ்வரம் (இரண்டு ஃப்ரெட் அளவு; ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே இருக்கிற உலோகப் பட்டை) இறக்குகிறோம், இல்லையா? அவற்றை அப்படியே விட்டுவிட்டு மீதி மூன்றையும், அதாவது 5, 4, 3ஐ, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போவால் பிடித்தால் ஈ-பி-ஈ-ஏ-பி-ஈ வரும். இடைவெளி அதேதான், மொத்தமும் ஒரு ஸ்வரம் மேலே. பாடுகிறவருக்குத் தொண்டை எட்டவில்லை என்றால் முதலிலேயே ஆறு கம்பியையும் ஒரு ஸ்வரம் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் கேப்போவுக்கு மேலே போனால் அது உங்கள் பழைய கிதார்தான். 6வது கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட் எப்போதும்போல ஏ. அதனால் அந்த ட்யூனிங்குக்கென்று மனப்பாடம் செய்த விரலமைப்புகள் இங்கே செல்லாது, தெரிந்த கார்டுகளையே வைக்க வேண்டும். எனக்கு இதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது: கேப்போவை நட் (கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்குகிற கட்டை) என்று நினைத்துக்கொண்டு ஜி கார்டின் பேஸ் பக்கத்து இரண்டு விரல்களை மட்டும் வைத்துப் பாருங்கள், மற்ற கம்பிகள் திறந்தே ஒலிக்க, அழகான ஏ ஆட்-நைன் (ஏ கார்டோடு பி ஸ்வரமும் சேர்ந்தது) வந்து நிற்கும்.

கைசர் ஷார்ட்-கட் இதற்கென்றே செய்த கேப்போ. ஃப்ரெட்டை ஒட்டிப் போடுங்கள். போட்ட பிறகு ட்யூனரில் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அழுத்தின கம்பி கொஞ்சம் ஏறிவிடும், பக்கத்திலேயே திறந்த கம்பி இருப்பதால் பிசகு பளிச்சென்று கேட்கும். சேலத்து வெயிலிலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வருகிற கிதாருக்கு அது எப்படியும் தேவைதான்!

கேள்வி: ஓப்பன் ஜி-யும் (விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கிற ட்யூனிங்) இதே வழியில் வருமா? ஸ்லைடு (கம்பிகள் மேல் ஒரு குழாயை வழுக்கி) வாசிக்க ஆசை.
வாசகி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: அதே கேப்போவை எதிர்ப்பக்கத்திலிருந்து மாட்டுங்க, 4, 3, 2 கம்பிகளைப் பிடிக்கும். ஈ-ஏ-ஈ-ஏ-சி ஷார்ப்-ஈ, அதாவது ஓப்பன் ஜி-யை ஒரு ஸ்வரம் ஏற்றினது. ஸ்லைடுக்கு மட்டும் இது உதவாது. குழாயை ஐந்தாவது ஃப்ரெட்டில் நேராக வைத்தால் கேப்போ இருப்பதே கம்பிக்குத் தெரியாது, சாதாரண ட்யூனிங்கின் ஏ-டி-ஜி-சி-ஈ-ஏ தான் வரும். ஸ்லைடு வேண்டுமென்றால் 6, 5, 1 கம்பிகளை நிஜமாகவே ஒரு ஸ்வரம் இறக்கிவிடுங்கள். வீட்டில் இன்னொரு பழைய கிதார் இருந்தால் அதை அப்படியே ஓப்பன் ஜி-யில் விட்டுவைக்கலாம்.